முன்சீட்டில் வந்த தம்பி

பட்டிப்பொல ஸ்டேஷனை விட்டு நான் நடக்கத் தொடங்கியபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் இறங்கவேண்டிய ஊர் தலவாக்கலை. கொழும்பிலிருந்து ஹட்டன் வரை ரயில் பெட்டியின் கதவோரம் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு வந்தேன். ஹட்டனில் பாதிக் கூட்டம் இறங்கியது. ஒரு மூலை கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தேயிலையைக் காணோம். புல்லும், உருளைக்கிழங்குப் பாத்தியும், அதற்கு மேலே வெள்ளையாகப் பனிப்புகாரும்தான் இருந்தன. தலவாக்கலையும் நானுஓயாவும் தூக்கத்தில் போய்விட்டன.

கீழே போகிற வண்டி சாயங்காலம்தான் என்று ஸ்டேஷனில் இருந்தவர் சிங்களத்தில் சொன்னார். அதுவும் வந்தால் உண்டு என்றார். ரோட்டுக்குப் போனால் மரக்கறி லொறி ஏதாவது வரும் என்றும் சொன்னார். நடந்தேன். காலில் இருந்த சப்பாத்து வேறொருவருடையது. மேலே இருந்த கோட்டும் வேறொருவருடையது, அவர் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. அந்தக் குளிருக்கு என்னிடம் வேறு துணி இல்லை.

நான் போய்க்கொண்டிருந்தது என் அக்காவைப் பார்க்க. பேர் பாக்கியம். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பிராவில் தனியாக இருந்தாள். அவளுடைய மகள் செல்வி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். நான் சென்னையில் இருந்தபோது அவள்தான் போன் பண்ணினாள். "மாமா, அம்மா இருக்கிற காம்பிராவ எடுக்கப் போறாங்களாம். நீங்க ஒருவாட்டி போய்ப் பாருங்க" என்றாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அம்பேவலைப் பக்கம் போகும் வளைவில் ஒரு லொறி நின்றது. லீக்ஸும் கேரட்டும் ஏற்றியிருந்தது. டிரைவர் வலப்பனைக்காரர், சிங்களவர். கோட்டைப் பார்த்ததும் என்னை மாத்தயா, அதாவது ஐயா, என்று கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த கிளீனரை எழுப்பி மூட்டைமேல் ஏறச் சொன்னார். கிளீனர் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏறினான். வேண்டாம், நான் மேலே போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளிர் அப்படி.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று டிரைவர் கேட்டார். இந்தியாவிலிருந்து என்றேன். பிளேனிலா என்று கேட்டார். பிளேனில்தான், ஒன்று இல்லை, இரண்டு பிளேன் என்றேன். உள்ளே எப்படி இருக்கும், சொல்லுங்கள் என்றார். கொழும்புக்கு வந்த பிளேனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது பஸ் மாதிரிதான். அதற்கு முன்னால் பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த பிளேனைப் பற்றி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

பம்பாயில் நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்தேன். நர்ஸ் இல்லை. நர்ஸ் செய்யாத மிச்ச வேலை. தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, கழுவிவிடுவது. கடைசியாகப் பார்த்தவர் ஒரு பாத்திரக் கடை முதலாளி. நெஞ்சில் சளி கட்டி, பேச்சுக் குறைந்து, சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மகன் பிளேனில் இரண்டு முன்சீட்டு வாங்கினார். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று எனக்கு. மகன் திரைக்குப் பின்னால் சாதாரண சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சளிக் கிண்ணத்தைப் பிடிக்கவேண்டியவன் பக்கத்தில் இருக்கவேண்டும், பிடிக்கமுடியாதவன் தள்ளி இருக்கலாம், அவ்வளவுதான் கணக்கு. முன்சீட்டில் கிழிசல் கால்சட்டையோடு உட்காரக்கூடாது என்று தன் பழைய சப்பாத்தையும் கால்சட்டையையும் எனக்குக் கொடுத்தார்.

மற்றவர்கள் வரிசையில் நிற்க, எங்களை வீல்சேரோடு வேறு வழியாக உள்ளே விட்டார்கள். சீட்டு ஒவ்வொன்றும் இரண்டு பேர் படுக்கிற அகலம். தோல் உறை. காலுக்கு ஒரு பலகை வெளியே வந்தது. உட்கார்ந்தவுடன் எலுமிச்சைச் சாறு கண்ணாடி கிளாசில் வந்தது. பிறகு இடுக்கியில் பிடித்து ஒரு சூடான ஈரத்துண்டு கொடுத்தார்கள். நான் அதால் பெரியவர் வாயைத் துடைத்தேன். என்னுடையதையும் அவருக்கே எடுத்தேன். இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அங்கே வேலை செய்த பெண் எங்களிடம் பேசும்போது நின்று குனிந்து பேசவில்லை. நடைவழியில் முழங்காலை மடக்கி, என் முகத்துக்கு நேராக இறங்கி, சார் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, யாரைச் சொல்கிறாள் என்று. சாப்பாட்டு அட்டை இங்கிலீஷில் இருந்தது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பிளேன் இறங்கிவிடும். அவள் அதை வாங்கி, வேறு யாரும் கேட்காத குரலில், எனக்குப் படித்துக் காட்டினாள்.

தட்டுக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்தார்கள். பீங்கான் தட்டு. உப்புக்கு ஒரு குட்டிச் சாடி, மிளகுக்கு ஒன்று. முட்டை ஆம்லெட், காளான், சின்ன இட்லி, வெட்டிய பழம். பெரியவர் ஒரு ஸ்பூன் தயிர் விழுங்கினார். மிச்சமிருந்த அவர் தட்டையும் நானே சாப்பிட்டேன். பிறகு அந்தப் பெண் தேயிலையில் எது வேண்டும் என்று மூன்று நான்கு பெயர்களைச் சொன்னாள். என் வீட்டில் மூன்று தலைமுறை கொழுந்து எடுத்திருக்கிறது. எங்களுக்குத் தேயிலை என்றால் மலைக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். எதையாவது கொடுங்கள் என்றேன்.

பாதி வழியில் பெரியவருக்கு மூத்திரம் வந்தது. போத்தல் என் பையில் இருந்தது. எழுப்பிக் கூட்டிப்போக முடியாது. நான் போர்வையைத் தேடினேன். அதற்குள் அந்தப் பெண் ஒரு போர்வையை விரித்து, திரைபோலப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். எதிர்ச்சீட்டில் டை கட்டியவர் பேப்பரை உயர்த்தி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல இருந்தார். அங்கே நடந்த ஒரே அசிங்கத்தை அத்தனை பேரும் சேர்ந்து மறைத்துக்கொடுத்தார்கள். பெரியவர் அப்புறம் என் கையைப் பிடித்து, இறங்காமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்றார். சென்னையில் இறங்கி ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். அவர் கோட்டை மகள் என்னிடம் கொடுத்தாள். வேலையும் அதோடு முடிந்தது.

டிரைவர் இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணாடி கிளாஸ், சூடான துண்டு, பீங்கான் தட்டு என்று சொன்னபோது ஒன்றையும் நம்பவில்லை என்றார். "மூத்திரம் வந்த பிறகுதான் நம்பினேன். பொய் சொல்கிறவன் அதை எதற்குச் சேர்க்கப் போகிறான்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஒரு கேரட்டைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

நுவரெலியாவில் இறக்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பால் விடாத பிளேன்டீயும். பம்பாயில் நின்றுகொண்டே வடாபாவ் தின்று பழகிய வாய்க்கு அந்தச் சம்பலின் உறைப்பில் கண்ணீர் வந்தது. கடைக்காரர் இன்னொரு ரொட்டியைக் கேட்காமலே வைத்தார்.

தலவாக்கலை பஸ் நானுஓயா தாண்டியதும் நின்றுவிட்டது. மண் சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. ஆட்கள் இறங்கிக் கல்லை உருட்டினார்கள். கோட்டுப் போட்டிருந்ததால் என்னை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்துச் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு தோட்டத்தில் மலைக்குப் போக ஆளே இல்லையாம், இளசுகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதாம், கங்காணி காலையில் லயத்துக்கு லயம் கதவைத் தட்டுகிறானாம். "ஆள் இல்ல, ஆனா காம்பிரா மட்டும் பத்தல பாரு" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள்.

சந்தியில் இறங்கித் தோட்டத்துக்கு ஏறினேன். கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு வந்த பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் பிறந்த இடத்தில் எனக்கு வழி விட்டார்கள். எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. லயம் மட்டும் அப்படியே இருந்தது. தகரக் கூரையில் துரு கூடியிருந்தது. முன்னால் ஓடும் கான் வாய்க்காலில் அதே சாம்பல் தண்ணீர்.

அக்கா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைத் தொடுவதற்கு முன்னால் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "யாரு தொரையோன்னு பயந்துட்டேண்டா" என்றாள்.

விஷயத்தை அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள். தோட்டத்தில் ஒரு வழக்கம். காம்பிரா தோட்டத்துடையது. அதில் இருக்கிற குடும்பத்தில் ஒருத்தர் பேராவது வேலைப் பதிவில் இருக்கவேண்டும். அக்காவுக்கு வயது வந்து பேர் வெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு செல்வியின் பேரில் காம்பிரா நின்றது. செல்வி குவைத்துக்குப் போனதும் அதையும் வெட்டிவிட்டார்கள். பக்கத்துக் காம்பிராவில் சிவனு என்று ஒருவன். அவன், மனைவி, தம்பி மூன்று பேரும் வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து ஒன்பது பேர் ஒரே அறையில். அவன் இந்தக் காம்பிராவைக் கேட்டிருக்கிறான். அதில் தப்பில்லை என்று அக்காவே சொன்னாள். அவன் பிள்ளைகள் மழை நாளில் காலை மடக்கிப் படுப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். ஆனால் அவளுக்குப் போக வேறு இடமில்லை. நாளை மறுநாள் ஆபீஸ் நாள், துரை முறைப்பாடு கேட்கிற நாள். தொழிற்சங்கத் தலைவர் முனியாண்டி, தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆதரவே இல்லாத பொம்பளை, சாகிறவரை விட்டுவையுங்கள் என்று கேட்பதாகப் பேச்சு.

பிறகு அக்கா பிளேனைப் பற்றிக் கேட்டாள். லொறிக்காரரிடம் சொன்னதையே சொன்னேன். கிண்ணத்தையும் போத்தலையும் ஒளிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். அந்தப் பெண் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பேசினாள் என்ற இடத்தில் கை நின்றது. "ஒங்கிட்டயா? சார்னா சொன்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி ஒருவாட்டி சொல்லச் சொன்னாள்.

மறுநாள் காலையில் அக்கா தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனாள். மலை ஊற்றிலிருந்து தகரக் குழாயில் வந்து விழும் தண்ணீர்தான் பீலி. லயத்துப் பெண்கள் எல்லோரும் கூடுகிற இடம் அது. முழங்கால் வலிக்கு வழக்கமாகப் பக்கத்துப் பிள்ளைகள்தான் எடுத்துக் கொடுப்பார்களாம். அன்றைக்குத் தானே குடத்தை எடுத்தாள். வெகுநேரம் வரவில்லை.

அவள் வருவதற்கு முன்னால் கதை வந்துவிட்டது. முதலில் இரண்டு கிழவர்கள் வந்து கோட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, பிளேனில் வந்தவர் கையால் தொடட்டும் என்று குழந்தையை நீட்டினாள். தொழிற்சாலைக்குப் போகிற ஒருத்தன் ஜன்னலில் நின்று, "என்னாங்க, படுத்துக்கிட்டே வந்தீங்களாமே? எங்க தொரகூட ஒக்காந்துகிட்டுதான் போவாராம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. அக்கா தோல் சீட்டைச் சொல்லியிருந்தாள். சூடான துண்டை, வெள்ளைத் துணியை, நாலு பெயர் வைத்த தேயிலையை, சார் என்று கூப்பிட்ட பெண்ணைச் சொல்லியிருந்தாள். பெரியவரையே கதையிலிருந்து எடுத்துவிட்டாள். அந்தச் சீட்டில் நான் மட்டும் வந்திருந்தேன்.

சிவனுவின் மனைவியும் வந்தாள். அவள் சிரிக்கவில்லை. வாசலில் நின்றே, "அப்ப அக்காவக் கூட்டிட்டுப் போயிருவீங்கதானேண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அக்கா குடத்தோடு வந்து, அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.

மத்தியானம் தலைவர் முனியாண்டி வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் என்னா பண்றது சொல்லுங்க" என்றார். "இந்தக் கெழவிக்கு நாதி இல்ல, தொண தொக்கு இல்லன்னு ஒரு மாசமாச் சொல்லி வச்சிருக்கேன். இப்பப் பாத்தா நீங்க ஆகாயத்துல கால நீட்டிக்கிட்டு வந்து எறங்கியிருக்கீங்க. கண்டாக்கையா என்னப் பாத்துச் சிரிக்கிறாரு."

கண்டாக்கையா என்றால் மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். அவர் காதுக்கே போய்விட்டது என்றால் துரை காதுக்குப் போகாமல் இருக்காது. நான் உண்மையைச் சொன்னேன். எனக்கு வீடு இல்லை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுப்பேன். நோயாளி பிழைத்தால் ஒரு மாதம், செத்தால் மறுநாளே வெளியே. தலைவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "இதப் பீலியில சொல்லியிருக்கக்கூடாதா தாயி?" என்றார். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஆபீசில் துரை கேட்டால் தம்பிக்கே இடமில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் சரி என்றுதான் தலையாட்டினாள்.

ஆபீஸ் நாள் சாயங்காலம் கோட்டை மடித்து வைத்துவிட்டு, அக்காவின் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு போனேன். ஆபீசுக்கு வெளியே தகரச் சாய்ப்பின் கீழ் எல்லோரும் நின்றோம். முறைப்பாடு உள்ளவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு முன்னால் போகவேண்டும். உள்ளே துரை மேசைக்குப் பின்னால். இளைஞர், சிங்களவர். பக்கத்தில் பெரிய கிளாக்கர் நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். துரை இங்கிலீஷில் சொல்வதை அவர் தமிழில் சொல்வார். சிவனுவும் அவன் தம்பியும் ஓரமாகத் தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

தலைவர் நன்றாகத்தான் பேசினார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை என்றார். முழங்காலைக் காட்டச் சொன்னார். துரை எட்டிப் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. பிறகு கிளாக்கரிடம் ஏதோ கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அந்தச் சீட்டில் தானும் ஒருநாள் உட்காரவேண்டும் என்று நினைக்கிறவருடைய சிரிப்பு.

கிளாக்கர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "உங்கட தம்பி பிளேனில முன்னுக்கு, பெரிய ஆக்கள் இருக்கிற இடத்தில இருந்து வந்தவர் எண்டு தோட்டம் முழுக்கக் கதை. அவர் உங்களைத் தன்னோட கூட்டிக்கொண்டு போய் வைச்சிருக்க மாட்டாரோ எண்டு தொரை கேக்கிறார்."

தலைவர் முழங்கையால் அக்காவை இடித்தார். அக்கா என்னைப் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். முந்தின நாள் பீலியில் அவளைச் சுற்றி நின்றவர்கள்தான் எல்லோரும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏன் வச்சிருக்க மாட்டான்?" என்றாள். "எங்கூடப் பொறந்தவன். ராணி மாதிரி வச்சிருப்பான்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் மொழிபெயர்க்கத் தேவையில்லை, ராணி என்ற சொல் துரைக்கே புரிந்துவிட்டது. பேனாவை எடுத்தார்.

நான் ஜன்னலுக்குப் போனேன்.

"ஐயா, அந்தச் சீட்டு எனக்கு வாங்குனது இல்லீங்க. நோயாளிக்குப் பக்கத்துல ஆள் வேணும்னு வாங்குனது. நான் சளிக் கிண்ணம் பிடிக்க வந்தேன். மூத்திரப் போத்தல் பிடிச்சேன். அதுதான் என் தொழில். படுக்கிறது கட்டிலுக்குக் கீழ. அந்த நோயாளியும் செத்துட்டாரு. எனக்கே எடம் இல்லீங்க, அக்காவ எங்க வைக்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். கிளாக்கர் துரையிடம் மிகச் சின்னதாக, இரண்டே வாக்கியத்தில் சொன்னார். போத்தலை அவர் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். துரை பேனாவை மூடினார். அவர் என்னை நம்பினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இனி என்னைப் பார்க்கவேண்டாம் என்பதுபோல மேசையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"பாவம்தான் எண்டு சொல்லுறார்" என்றார் கிளாக்கர். "ஆனா பேர் இல்லாத காம்பிராவை ஒருத்தருக்கு விட்டா, நாளைக்குப் பத்துப் பேர் வருவினம். மூண்டு பேர் வேலையில நிக்கிற குடும்பம் ஒண்டு இடமில்லாமல் கிடக்குது. மாத முடிவில காம்பிராவைப் பூட்டித் திறப்பைக் குடுக்க வேணும்."

ஆக, அக்கா பொய் சொன்னதாலும் காம்பிரா போனது, நான் உண்மை சொன்னதாலும் போனது. அப்போதுதான் கதவோரம் நின்ற கண்டாக்கையா வாயைத் திறந்தார். மருந்தடிக்கிற கூட்டத்தில் ஓர் ஆள் குறைகிறது, ஒருத்தரும் அதற்கு வரமாட்டேன் என்கிறார்கள், இந்த ஆள் இங்கே பிறந்தவன்தானே, அடையாள அட்டையும் இருக்குமே என்றார். துரை தோளைக் குலுக்கினார். கிளாக்கர் என் பக்கம் திரும்பி, "நாளைக்குப் பெரட்டில நிண்டு பேர் குடுத்தீர் எண்டால் காம்பிரா இருக்கட்டுமாம். வேலையை விட்டால் காம்பிராவும் போகும்" என்றார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் களம். அந்தக் களத்திலிருந்துதான் நான் பதினாறு வயதில் கொழும்புக்கு ஓடினேன், அங்கிருந்து பம்பாய்க்கு.

சிவனு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முதலில் வெளியே போனான்.

திரும்பும்போது அக்கா கையைப் பிடிக்க விடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இறங்கினாள். இருட்டுவதற்கு முன் சோறு போட்டாள். கருவாடு சுட்டு வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் இருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"பீலியில ஒரு நா நின்னேன்டா. இத்தன வருசத்துல ஒரே ஒரு நா. அது ஒனக்குப் பொறுக்கல."

அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லியிருந்தால் என்று தொடங்கினேன். அவள் கானோரம் போய்த் தட்டைக் கழுவத் தொடங்கிவிட்டாள்.

விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். பம்பாயில் ஏஜென்ட் எனக்கு அடுத்த நோயாளி பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். பக்கவாதக்காரர், நல்ல குடும்பம், நீண்ட நாள் ஓடும் என்றான். அவனுக்குப் போன் பண்ணவேண்டுமானால் தலவாக்கலைக்கு இறங்கவேண்டும். இறங்கினால் பேர் கொடுக்கிற நாள் போய்விடும். போகவில்லை.

கண்டாக்கையா பேரைக் கேட்டார், அப்பா பேரைக் கேட்டார். கங்காணி ஒருத்தன் பெண்கள் வரிசையைப் பார்த்து, "ஒதுங்குங்க ஒதுங்குங்க, பிளேன் எறங்குது" என்றான். பெண்கள் சிரித்தார்கள், ஆனால் முந்தின இரவு வரை ஓடிய கதையின் மிச்சம்தான் அது, அதில் ருசி போய்விட்டிருந்தது. எனக்குப் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. களஞ்சியத்தில் ஒரு பம்பும் டாங்கியும் கொடுத்தார்கள். கையுறை ஒரு கைக்குத்தான் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் மொத்தம் நான்கு பேர். ஒருவன் சிவனு. கான் தண்ணீரில் மருந்தைக் கலக்கி என் டாங்கியை அவன்தான் நிரப்பினான். நிரம்பிய டாங்கியை நான் தரையிலிருந்து தூக்கமுடியாமல் நின்றபோது, பின்னால் வந்து அடியில் கை கொடுத்து முதுகில் ஏற்றிவிட்டான்.

"வார இறுக்கிக் கட்டுங்கண்ணே. தொளதொளன்னு விட்டா மூடியில கசிஞ்சு முதுகெல்லாம் எரியும்" என்றான்.

கட்டிக்கொண்டேன். அவன் போகவில்லை. பம்பின் பிடியைச் சரிபார்ப்பதுபோல நின்றான்.

"எத்தன நாளைக்கு இருப்பீங்கண்ணே?" என்று கேட்டான்.

கோபத்தில் கேட்கவில்லை. பிள்ளைகளை இன்னும் எத்தனை மழைக்கு மடக்கிப் படுக்கவைக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டான். தெரியவில்லை என்றேன். அது உண்மை. அவன் தலையாட்டிவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான். மருந்து காற்றோடு கீழ்ப்பக்கம்தான் இறங்கும், கீழே நிற்கிறவன் மூஞ்சியில்தான் படும். எனக்கு மேல்வரிசையைக் காட்டினான். துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அவன் கீழ்வரிசைக்கு இறங்கினான். நான் பம்பை அடிக்கத் தொடங்கினேன்.